ஸ்வெட்டருக்கு ஐந்து கிலோ

அத்தியாயம் ஒன்பது

2018 ஆகஸ்ட் 14, செவ்வாய்க்கிழமை. கீழ் கோத்தகிரியில் ஒரு தேயிலை எஸ்டேட்டின் கீழ் டிவிசனில், இலை நிறுக்கும் கொட்டகையில், நூற்று நாற்பத்தொரு பேருக்கு எடை பார்க்கப்பட்டது. உயரத்துக்கு உரிய எடைக்கோட்டைத் தாண்டியவர்கள் ஒன்பது பேர் என்று படிவத்தில் பதிவானது. அடியில் கையெழுத்து: எஸ். பியாட்ரிஸ், சுகாதாரப் பணியாளர்.

ஆறு மாதம் கழித்து, பிப்ரவரி பத்தொன்பதாம் தேதி காலை எட்டு மணிக்கு, அந்தப் படிவத்தின் நகலை மடியில் வைத்துக்கொண்டு அதே கொட்டகையில் உட்கார்ந்திருந்தாள் பியாட்ரிஸ். வெயில் இன்னும் சரிவுக்கு இறங்கவில்லை. தகரக் கூரையில் படிந்த பனி உருகி, சாக்குகளின் மேல் சொட்டிக்கொண்டிருந்தது.

நகலில் ஒவ்வொரு பெயருக்குப் பக்கத்திலும் பென்சிலால் இன்னொரு எண் எழுதியிருந்தாள். பேனாவில் இருந்தது அன்று பதிந்த எடை. பென்சிலில் இருந்தது உண்மையான எடை. பென்சில் கணக்குப்படி கோட்டைத் தாண்டியவர்கள் முப்பத்து நான்கு பேர்.

எண்பத்தெட்டாவது வரிசையில் அவளுடைய தம்பி மனைவி இருந்தாள். ஜெஸிந்தா லூயிஸ், வயது முப்பத்தெட்டு, உயரம் நூற்று ஐம்பத்தாறு. அந்த உயரத்துக்குக் கோடு எழுபத்து மூன்று கிலோ. பேனாவில் 72.6. பென்சிலில் 75.6.

அந்த ஜெஸிந்தா இப்போது கோயமுத்தூரில் ஒரு மருத்துவமனைக் கட்டிலில் படுத்திருந்தாள். கிறிஸ்துமஸ் பூசைக்கு லூயிஸ் வாங்கிக் கொடுத்த புது ஷூ, வலது காலில் கடித்தது. சின்னக் கொப்புளம். வலிக்கவில்லை என்று அவளும் விட்டுவிட்டாள். வலிக்காததுதான் கெட்ட அடையாளம் என்று சொல்ல யாரும் இல்லை. பதினொரு நாளைக்கு முன்னால் விரல் கறுத்தது. கோத்தகிரியில் ரத்தம் எடுத்துப் பார்த்தவர்கள் சர்க்கரை நானூற்றுப் பன்னிரண்டு என்றார்கள். அன்று மாலையே கீழே அனுப்பிவிட்டார்கள்.

எட்டே காலுக்கு போன் அடித்தது. லூயிஸ்.

"அக்கா, பதினோரு மணிக்கு மேல உள்ள கூட்டிட்டுப் போறாங்களாம். பஸ் ஏறிட்டியா?"

"இல்லடா. நாலு மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் வர்றாரு. எடை லிஸ்ட் குடுக்கோணும்."

"லிஸ்ட்டா? இங்க அவ வெரல எடுக்கப் போறாங்க. நீ லிஸ்ட்டுங்கறே?"

"இன்னிக்குத்தான் கடைசி நாள், லூயிஸ். இதை விட்டா அடுத்த வருசமும் டாக்டர் வண்டி நம்ம டிவிசனுக்கு வராது."

மறுமுனையில் யாரோ ஸ்ட்ரெச்சரைத் தள்ளிக்கொண்டு போகும் சத்தம் கேட்டது. லூயிஸின் குரல் இறங்கியது.

"டாக்டர் இன்னிக்கும் கேட்டாரு. ஆறு மாசத்துக்கு முந்திப் பாத்திருந்தா மாத்திரையிலயே நின்னிருக்கும்னாரு. நான் சொன்னேன், எங்கக்காளே கேம்ப்ல வேலை பாக்குதுங்க, எடையெல்லாம் சரியாத்தான் இருந்துச்சுங்க, எல்லாம் நான் வாங்கிக் குடுத்த ஷூவாலதானுங்க வந்துதுன்னு."

பியாட்ரிஸ் நகலில் எண்பத்தெட்டாவது வரிசையை விரலால் மறைத்தாள். அந்த எடை தப்பு என்பதைப் பதினொரு நாளாக அவனிடம் சொல்லவில்லை.

"சரி, வைக்கறேன்" என்றான் லூயிஸ்.

மாதத்தின் முதல் செவ்வாய்க்கிழமை வரும் அந்த வண்டியில் ஒரு டாக்டரும், சர்க்கரை பார்க்கும் கருவியும், என்ன சாப்பிடலாம், எவ்வளவு சாப்பிடலாம் என்று உட்கார்த்தி வைத்துச் சொல்லும் ஒரு நர்ஸம்மாவும் இருப்பார்கள். ஒரே வண்டி. எந்த டிவிசனில் கோட்டைத் தாண்டியவர்கள் அதிகமோ, வருஷம் முழுக்க அங்கே போகும். ஆகஸ்ட் கணக்கில் மேல் டிவிசனில் இருபத்தாறு பேர். கீழ் டிவிசனில் ஒன்பது. வண்டி மேலே போயிற்று. கீழே இருப்பவர்கள் அங்கே போய் வர, ஒரு நாள் வேலை போகும். யாரும் போகவில்லை. ஏப்ரலிலிருந்து வண்டி எங்கே போகும் என்பதற்கான புதுக் கணக்கை இன்று மாலைக்குள் கொடுக்க வேண்டும்.

பியாட்ரிஸ் சின்னப் பெண்ணாக இருந்தபோது கீழ் டிவிசனில் குண்டானவர் என்று சொல்ல ஒரே ஒருவர் இருந்தார். கேண்டீன்காரர். மற்ற எல்லோரும் முதுகில் இருபது கிலோ கொழுந்தோடு நாளுக்கு மூன்று தடவை இந்தச் சரிவில் ஏறி இறங்கினார்கள். இப்போது கொழுந்து வெட்டும் கத்தரி மெஷின் வந்து பாதிப் பேரைச் சரிவிலிருந்து இறக்கிவிட்டது. ஜெஸிந்தாவைப் போலப் பலர் பேக்டரியில் ஸ்டூலில் உட்கார்ந்து தூள் பிரிக்கிறார்கள். சந்தைக்கு மினி பஸ் இருக்கிறது. ரேஷனில் பாமாயில் வருகிறது. லயன் வீடுகளின் முக்கில் சாயங்காலமானால் பஜ்ஜிச் சட்டி காய்கிறது. டீயில் சர்க்கரை மட்டும் பழைய அளவு மாறவில்லை, டம்ளருக்கு மூன்று ஸ்பூன். மலை ஏறியவர்களுக்குப் போட்ட அளவு அது.

யாருக்கும் இது நோயாகத் தெரியவில்லை. உடம்பு வைத்தால், "பரவால்லையே, தெளிஞ்சுட்டியே" என்று சந்தோஷப்பட்டார்கள். பட்டினி பார்த்த குடும்பங்கள். எலும்பு தெரிந்தால்தான் அவர்களுக்குப் பயம்.

அப்படிப்பட்ட ஊரில், 2017-இல், அப்போதிருந்த கம்பவுண்டர் கோட்டைத் தாண்டியவர்களின் பெயரையும் எடையையும் டிஸ்பென்சரிக் கதவில் ஒட்டினார். எட்டுப் பெயர்கள். அந்த வருஷம் எடைக்கு வந்ததே முப்பது பேர்தான். அதில் ஒருத்தி பாலாமணி. மினி பஸ்ஸில் அவள் ஏறும்போதெல்லாம் பையன்கள் அவள் எடையைச் சத்தமாகச் சொன்னார்கள். இரண்டு மாதம் அவள் நடந்தே சந்தைக்குப் போனாள். பிறகு சந்தைக்குப் போவதையே விட்டுவிட்டாள்.

அடுத்த வருஷம் அந்த வேலைக்கு பியாட்ரிஸ் வந்தாள். டிஸ்பென்சரி எடை மெஷின் ரிப்பேர். கொட்டகையில் இலை நிறுக்கும் மெஷினில்தான் ஆட்களை ஏற்ற வேண்டியிருந்தது. ஆகஸ்ட் பதினான்காம் தேதி நல்ல மழை. வரிசை முழுக்க நனைந்த ஸ்வெட்டர், தலையில் துண்டு, காலில் பூட்ஸ். இரண்டு கிலோ கழித்துக்கொள்வது என்று பியாட்ரிஸ் ஆரம்பித்தாள். நனைந்த துணிக்கும் பூட்ஸுக்கும் அது சரியான கணக்கு; பென்சில் கணக்கிலும் அந்த இரண்டைத்தான் கழித்திருந்தாள்.

பத்துப் பேர் ஆனதும் பேச்சியம்மா மெஷினில் ஏறி நின்று, இடுப்பில் கை வைத்துக்கொண்டு கேட்டாள்.

"ஏம்புள்ள, மழை நாள்ல எலைக்கு அஞ்சு கிலோ புடிக்கறதுதான எஸ்டேட் ரூலு? இத்தனை வருசமா எங்க எலைக்குப் புடிச்சீங்கள்ல? இன்னிக்கு எங்களுக்குப் புடி!"

கொட்டகையே சிரித்தது. முப்பது வருஷமாக ஈரத்துக்கு என்று அவர்கள் சாக்கிலிருந்து கழிந்துகொண்டே போன கிலோக்கள் அன்று ஒரு நாள் அவர்கள் பக்கம் திரும்பி வந்தன. சிரித்துக்கொண்டே பியாட்ரிஸும் ஐந்து பிடித்தாள். பிறகு வந்த எல்லோருக்கும் ஐந்து. வேலைக்கு வந்த பிறகு அவள் அவ்வளவு சந்தோஷமாக இருந்த நாள் வேறு இல்லை.

இன்று பத்து மணி நிறுவைக்குப் பெண்கள் சரிவிலிருந்து இறங்கினார்கள். இலைக் கணக்கு எழுதும் ரைட்டர் வேலன் சாக்குகளை நிறுத்து முடித்ததும், சொல்லி வைத்தபடி மெஷினை விட்டு நகர்ந்து நின்றான்.

முன்னால் வந்தவள் பேச்சியம்மாதான். ஐம்பது வயது. குரலுக்கு அதில் பாதிதான் இருக்கும்.

"என்ன பியாட்ரிசு, கொழுந்து கொறைஞ்சு போச்சுன்னு ஆளை நிறுத்துப் பேக்டரிக்கு அனுப்பப் போறியா?"

"அக்கா, அஞ்சு நிமிசம். இன்னொருக்கா எல்லாருக்கும் எடை பாக்கோணும்."

"ஆகஸ்ட்லதான பாத்தே? பாஸுன்னு சொன்னே?"

"அன்னிக்கு எழுதினது தப்புங்கக்கா."

சிரிப்பு நின்றது. பியாட்ரிஸ் எழுந்து நின்றாள். நேற்று முழுக்க மனதுக்குள் சொல்லிப் பார்த்த வார்த்தைகள் ஒன்றும் வாய்க்கு வரவில்லை.

"அஞ்சு கிலோ கழிச்சது தப்பு. வெளையாட்டா செஞ்சுட்டேன். நம்ம டிவிசன்ல முப்பத்தி நாலு பேரு கோட்டைத் தாண்டியிருக்காங்க. நான் ஒம்போதுன்னு எழுதிக் குடுத்தேன். அதனாலதான் டாக்டர் வண்டி இங்க வரலை. யாருக்கும் சர்க்கரை பாக்கலை. ஜெசிக்குப் பாக்கலை. இன்னிக்கு அவளுக்கு ஆபரேசன்."

முதலில் வாய் திறந்தவள் மூக்கம்மா.

"நாங்க கேட்டோம், நீ குடுத்துட்டே. கேட்டதெல்லாம் குடுக்கறதுக்கு நீயென்ன மாதா கோயிலா?"

"அப்ப எனக்குச் சர்க்கரை இருக்குதா இல்லையா, அதைச் சொல்லு!" என்றது பின்னால் ஒரு குரல்.

"அது தெரியாதுங்கக்கா. அதுக்குத்தான் வண்டி வரோணும். வண்டி வரோணும்னா இன்னிக்கு நாலு மணிக்குள்ள—"

"இரு" என்றாள் பேச்சியம்மா. "உங்கப்பன் சுவிசேஷமுத்து இதே எடத்துல முப்பது வருசம் ரைட்டரா நின்னாரு. மழை நாள்ல எட்டுக் கிலோ புடிச்சாரு. ஒரு நாளாவது, தப்பா எழுதிட்டேன் தாயீன்னு எங்ககிட்ட சொல்லியிருக்காரா?"

"அப்பா ரூல்படிதானுங்க—" பழக்கத்தில் பியாட்ரிஸின் வாய் சொல்லிவிட்டது. வீட்டில் எப்போதும் சொல்லும் வாக்கியம் அது.

"ரூலு அஞ்சு. மேல மூணு யாரோட ரூலு?"

பியாட்ரிஸ் மெஷினைப் பார்த்தாள். திரையில் சிவப்பு எழுத்தில் சுழியம் நின்றிருந்தது.

"ஜெசி நல்லா வரட்டும். அந்தப் புள்ளைக்காக நான் கோயிலுக்கு வேண்டிக்கறேன்" என்றாள் பேச்சியம்மா. "ஆனா உங்க குடும்பத்து எழுத்தை நம்பி இன்னொருக்கா ஏறி நிக்கறதுக்கு எனக்குக் காலு வரலை."

காலிச் சாக்கை உதறித் தோளில் போட்டுக்கொண்டு நடந்தாள். மற்றவர்களும் போனார்கள். மெஷினில் ஒருவரும் ஏறவில்லை.

பதினொன்றரைக்கு மறுபடி போன். லூயிஸ் எண்தான். ஆனால் பேசியது ஜெஸிந்தா.

"அண்ணி."

"ஜெசி! இன்னும் கூட்டிட்டுப் போகலையா? பயமா இருக்குதா?"

"பசிக்குது. நேத்திலிருந்து பச்சைத் தண்ணி குடுக்கலை. என்னைப் பட்டினி போடணும்னு ரொம்ப நாளா ஆசைப்பட்டீங்கள்ல, வந்து பாத்துட்டுப் போங்க."

பியாட்ரிஸுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. "லூயிஸ் எங்க?"

"மருந்து வாங்கப் போயிருக்காரு. அதான் கூப்பிட்டேன். இங்க எடை பாத்தாங்க, அண்ணி. ஸ்வெட்டரைக் கழட்டுன்னு சொல்லிட்டாங்க. எழுபத்தொம்போது." கொஞ்சம் நிறுத்தினாள். "அன்னிக்கு நீங்க எத்தனை எழுதினீங்க?"

"எழுபத்திரண்டு அறுநூறு."

"கோடு?"

"எழுபத்து மூணு."

மறுமுனையில் அவள் மெல்லக் கணக்குப் போட்டாள்.

"நானூறு கிராம்" என்றாள் ஜெஸிந்தா. "ரெண்டு பாக்கெட் வர்க்கி பிஸ்கட்."

"ஜெசி, எல்லாம் என்னாலதான். நான்—"

"நான்தான அண்ணி கேட்டேன். பேச்சியம்மாளாவது வாய் விட்டுக் கேட்டா. நான் வரிசையில நின்னு கண்ணைக் காட்டினேன். எனக்கும் புடிங்கன்னு. பாலாமணி பேரு மாதிரி என் பேரு கதவுல தொங்கிரக் கூடாதுன்னு."

"நீ கண்ணைக் காட்டினா நான் எழுதறதா? நான் எதுக்கு அங்க உக்காந்திருந்தேன்?"

"அவருகிட்ட மட்டும் சொல்லாதீங்க. நான் கேட்டு வாங்கினேன்னு அவருக்குத் தெரிய வேண்டாம்."

"அவன் அந்த ஷூவை நெனைச்சு தன்னைத் தானே திட்டிக்கிட்டுக் கெடக்கறான், ஜெசி."

"ஷூவைத் திட்டட்டும். அது திருப்பிப் பேசாதுல்ல." பிறகு அவசரமாக, "வர்றாரு. வெச்சிடறேன். எனக்காக ஒரு அருள்நிறை சொல்லுங்க."

போன் நின்றது. பியாட்ரிஸ் அந்த மாதா ஜெபத்தை ஒன்றுக்கு மூன்று தடவை சொன்னாள். மூன்றாவதில் பாதியில் அவள் மனம் வேறு இடத்துக்குப் போய்விட்டது.

அவள் வீட்டுச் சுவரில் ஒரு கடிகாரம் இருக்கிறது. இருபத்தைந்து வருஷம் நிறை குறையாமல் இலை அனுப்பியதற்காக எஸ்டேட் நிர்வாகம் சுவிசேஷமுத்துவுக்குக் கொடுத்தது. கொட்டகையில் நிறுத்த இலை பேக்டரிக்குப் போய்ச் சேருவதற்குள் வாடி எடை குறையும். குறைந்தால் ரைட்டரைக் கேள்வி கேட்பார்கள். சுவிசேஷமுத்துவின் இலை ஒரு நாளும் குறைந்ததில்லை. "மூணு கிலோ எப்பவும் கையில இருக்கோணும். அப்பத்தான் நமக்குப் பத்திரம்" என்று சாப்பிடும்போது சொல்லிச் சிரிப்பார். பியாட்ரிஸுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவளும் சேர்ந்து சிரித்திருக்கிறாள். அவரை அடக்கம் செய்த அன்று கோயில் பங்குச் சாமியார், நேர்மையான தராசு என்று அவரைப் பற்றிச் சொன்னார். அப்போதும் அவள் தலையாட்டினாள்.

ஒரு மணி நிறுவைக்குப் பேச்சியம்மா தனியாக முன்னால் வந்தாள். மற்றவர்கள் சாக்குகளோடு பின்னால் தயங்கி நின்றார்கள்.

"ஒரே கேள்வி. அந்த மூணு கிலோ உனக்குத் தெரியுமா, தெரியாதா?"

"தெரியுங்கக்கா."

"எப்பத்திலிருந்து?"

"சின்னப் புள்ளையிலிருந்து. ஊட்ல சொல்லிச் சிரிப்பாரு. நானும் சிரிப்பேன்." பியாட்ரிஸ் எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னாள். "அவரு புடிச்சது ஜாஸ்தி. உங்க உழைப்பு அது. தப்புதானுங்க."

வேலன் கையிலிருந்த பேனாவை மூடினான். பேச்சியம்மா சாக்கைத் தோளிலிருந்து கீழே இறக்கி வைத்தாள்.

"செத்தவரைத் திட்டறதுக்கு உன்னைக் கேக்கலை. இருக்கறவ நெசம் சொல்லுவாளான்னு பாக்கத்தான் கேட்டேன்."

தலைத் துண்டை எடுத்தாள். இடுப்பில் கட்டியிருந்த பிளாஸ்டிக் தாளை அவிழ்த்தாள். ஸ்வெட்டரைத் தலைவழியாகக் கழற்றி மூக்கம்மாவின் மேல் எறிந்தாள். பூட்ஸைக் கழற்றிவிட்டு, அந்தக் குளிரில் வெறும் காலோடு இரும்புத் தட்டின் மேல் ஏறி நின்றாள்.

"ஐயோ, ஐஸு மாதிரி இருக்குது. சீக்கிரம் எழுது. ஒரு கிராம் புடிக்கக் கூடாது."

"அறுபத்தெட்டு தொள்ளாயிரம்."

"எனக்குக் கோடு?"

"அறுபத்தஞ்சு."

"ஆகஸ்ட்ல என்ன எழுதினே?"

"அறுபத்தி நாலு."

பேச்சியம்மா மெஷினில் நின்றபடியே தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அப்ப நானும்தான்" என்றாள். வழக்கமான குரல் இல்லை.

"கதவுல ஒட்டுவியா?"

"சத்தியமா ஒட்டமாட்டேங்க."

"ஏ மூக்கம்மா, என்ன வேடிக்கை? ஸ்வெட்டரைக் கழட்டு! பூசணிக்காயை எல்லாம் உள்ள ஒளிச்சு வெச்சிருக்கறே, வெளிய எடு!"

மூக்கம்மா திட்டிக்கொண்டே ஏறினாள். அவளுக்குப் பின்னால் நான்கு பேர், பிறகு ஒவ்வொருவராக ஐம்பதுக்கும் மேல். சிலர் ஏறவேயில்லை, தலையைக் குனிந்துகொண்டு நகர்ந்தார்கள். பாலாமணி கொட்டகைப் பக்கமே வரவில்லை. அவளுடைய சாக்கை வேறொருத்தி கொண்டுவந்து நிறுத்துப் போனாள்.

நான்கு மணிக்கு ஹெல்த் இன்ஸ்பெக்டர் அம்புரோஸ் பைக்கில் வந்து இறங்கினார். படிவத்தை வாங்கி, நின்றபடியே விரலை ஓட்டினார்.

"நூத்தி நாப்பத்தொண்ணுல அம்பத்தெட்டுதானுங்களா? பாதிகூட இல்லீங்களே."

"அம்பத்தெட்டுல இருபத்தி ரெண்டு பேரு தாண்டியிருக்காங்க, சார்."

"ஆகஸ்ட்ல மொத்தமே ஒம்போதுன்னு குடுத்திருக்கீங்க."

"அது தப்பு, சார்."

"யாரு தப்புங்க?"

"என் தப்பு."

அம்புரோஸ் பையிலிருந்து ஒரு வெள்ளைத் தாளை எடுத்துக் கொடுத்தார். கோபமில்லை. தினமும் நாலு பேரிடம் தாள் கொடுக்கிறவர் கொடுப்பதுபோலக் கொடுத்தார். பியாட்ரிஸ் சாக்கின் மேல் தாளை வைத்து விளக்கம் எழுதினாள். ஏழு வரி. படித்தவர் நிமிர்ந்தார்.

"ஸ்வெட்டருக்கு ஐந்து கிலோ." வாய்விட்டுப் படித்தார். "இருபது வருசம் சர்வீஸுங்க. இந்த மாதிரி ஒரு காரணத்தை நான் பாத்ததில்லீங்க."

"வண்டி வருமா, சார்?"

"மூணுல ரெண்டு பங்கு பேராவது நிறுத்திருக்கோணும். இல்லீன்னா லிஸ்ட்டையே எடுத்துக்க மாட்டாங்க. இன்னிக்கு அஞ்சு மணிக்கு முடிஞ்சிருதுங்க."

"இன்னும் ஒரு நாள் குடுத்தா—"

"நான் குடுக்கற நாளுங்களா அது?" படிவத்தையும் தாளையும் சேர்த்து மடித்தார். "ரெண்டையும் வெச்சு அனுப்பறேன். அவ்வளவுதான் என்னால முடியும். விசாரணை முடியற வரைக்கும் நீங்க கேம்ப் வேலைக்கு வர வேண்டாமுங்க."

உயரம் அளக்கும் டேப்பையும் டிஸ்பென்சரிச் சாவியையும் அவள் கொடுத்தாள். அவர் பைக்கைத் திருப்பும்போது, கொட்டகை ஓரமாக நின்றிருந்த பேச்சியம்மா சத்தமாகக் கேட்டாள்.

"ஏனுங்க, உங்களுக்கு எத்தனைங்க கோடு? ஏறிட்டுத்தான் போறது!"

அம்புரோஸ் தன் வயிற்றை ஒரு தடவை குனிந்து பார்த்துவிட்டு, பைக்கைக் கிளப்பினார். யாரும் பெரிதாகச் சிரிக்கவில்லை.

ஐந்து பத்துக்கு லூயிஸ் கூப்பிட்டான். பியாட்ரிஸ் அப்போது தம்பியின் வீட்டைத் திறந்து விளக்குப் போட்டுக்கொண்டிருந்தாள்.

"முடிஞ்சுதக்கா. ரெண்டு வெரல். மேல பரவலைன்னு சொல்றாங்க. முழிச்சுட்டா. முழிச்சதும் டீ கேக்கறா."

"மாதாவே." சிலுவை அடையாளம் போட்டுக்கொண்டாள். "சர்க்கரை போடாமக் குடு."

"தெரியும், தெரியும். இப்ப எல்லாம் தெரியுது." அவன் குரல் உடைந்தது. "அக்கா, அந்த ஷூ கட்டிலுக்கு அடியில இருக்குது. எரிச்சிரு. நான் வர்றப்ப அது ஊட்ல இருக்கக் கூடாது."

"லூயிஸ். ஷூவால இல்லடா."

"பின்ன?"

ஜெஸிந்தாவின் குரல் பின்னால் மெல்லக் கேட்டது. என்ன சொல்கிறாள் என்று தெரியவில்லை. பியாட்ரிஸ் கண்களை மூடிக்கொண்டாள். தன் பங்கை மட்டும் தனியாகப் பிரித்துச் சொல்ல முடியுமா என்று பார்த்தாள். அவள் பங்கு வெளியே வந்தால் ஜெஸிந்தாவின் பங்கும் கூடவே வரும்.

"ஊட்டுக்கு வா. சொல்றேன்."

"என்னன்னு இப்பவே சொல்லு."

"நேர்ல சொல்றேன்டா."

"துணி எடுக்க வியாழக்கிழமை வருவேன்" என்றான். அக்கா சொல்லாமல் விட்டதை அவன் கவனித்துவிட்டான் என்பது அந்தக் குரலிலேயே தெரிந்தது.

பியாட்ரிஸ் குனிந்து கட்டிலுக்கு அடியிலிருந்து ஷூவை இழுத்தாள். கறுப்பு. இரண்டே தடவை போட்டது. அடியில் விலைச் சீட்டுகூட இன்னும் கிழியவில்லை. எரிக்கவில்லை. ஒரு மஞ்சள் பையில் போட்டுத் தன் வீட்டுக்கு எடுத்துக்கொண்டு போனாள்.

கீழ் டிவிசனின் பட்டியல், தேவையான அளவு ஆட்கள் நிறுக்கப்படவில்லை என்ற குறிப்புடன் திருப்பி அனுப்பப்பட்டது. ஏப்ரல் இரண்டாம் தேதி, செவ்வாய்க்கிழமை, மருத்துவ வண்டி மேல் டிவிசனுக்குப் போனது.